தாய்மாமனுக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு

பாடாலூர், 12.6.2025, வியாழன். விடியற்காலை. வானம் மூடி, புழுக்கமாக உள்ளது.

அன்புள்ள புவனேஸ்வரிக்கு,

நம் மகளுக்குக் காது குத்த மடியில் அமர்த்த வேண்டிய உன் அண்ணனை வாட்ஸ்அப்பில் அழைத்தது என் பிழையே. நாற்பது வயதில் பத்தாம் வகுப்புத் தேறி, கடிதப் பகுதியில் முழு மதிப்பெண் பெற்ற நான், நேரில் அழைப்பதே அழைப்பு என்பதை மறந்தேன். "ஊருக்கெல்லாம் தட்டிவுட்டதையே எனக்கும் தட்டிவுட்டீங்களா மாப்ள?" என்று அவர் கேட்டது முதல் எனக்கு உறக்கமில்லை, நீயும் பேசவில்லை. ஆகவே, தாம்பூலத் தட்டுடன் வரதராஜன்பேட்டைக்குப் புறப்படுகிறேன். இட்லி மாவு பொங்கி வழிகிறது, எழுந்ததும் கவனிக்கவும். பீரோ சாவி சன்னலில் உள்ளது.

இங்ஙனம்,
முத்துவேல்

பி.கு.: சற்று முன் அவரே அழைத்தார். "புவனா ராத்திரி போன்ல அழுவுது மாப்ள. வந்து வாயால ஒரு வார்த்தை கூப்புடுங்க, போதும்" என்றார். அந்த ஒரு வார்த்தையை வழியெல்லாம் சொல்லிப் பார்ப்பேன். அவர் கோபம் தீர்ந்த நேரம், காலை 5.47.