அடுப்பில் இன்னும் வேகிறது

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாதே.

நாங்கள் மாலையில் சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் சமூகக் கூடத்தைப் பூட்ட நேற்று ஓர் அதிகாரி வந்தார். பகலில் வந்து பார்த்தாராம், ஆளே இல்லையாம், அதனால் யாருக்கும் தேவைப்படாத கூடமாம். பகலில் எங்கள் தெருவே வேலைக்குப் போயிருக்கும், வேறு யார் இருப்பார்கள்?

பஸ் ஓட்டும் அக்கா அசரவில்லை. "அடுப்புல சோறு இருக்கு சார். எரியுற அடுப்ப உள்ள வெச்சுப் பூட்டுவீங்களா? வெந்ததும் வாங்க" என்றார்.

அதிகாரி போனதும் சோற்றை இறக்கிக் குழம்பை ஏற்றினோம். அதன் பிறகு பயறு. இன்று மறுபடி வந்தவரிடம், என்னோடு சலவைக்கூடத்தில் வேலை செய்யும் அண்ணன், "பயறு இன்னும் வேகல சார்" என்றார். சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன். வேலைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களுமாக ஆள் மாற்றிக் கிளறுகிறோம்.

கவலைப்படாதே, சண்டையெல்லாம் இல்லை. உன் நீளக் கரண்டியை மட்டும் அனுப்பி வை. இங்கிருப்பது குட்டை, கை சுடுகிறது. என் அறையில் அடுப்பு வைக்க விடமாட்டார்கள். முன்பெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு ரொட்டி தின்றேன். இனி மாட்டேன்.

கிளற என்னைக் கூப்பிடுகிறார்கள். அதிகாரி வாசலில் சாவியோடு நிற்கிறார். நிற்கட்டும். வெங்காயமே இன்னும் ஒரு மூட்டை இருக்கிறது.

உன் மகள்