கேட்டுக்கு வெளியே ஆறுமுகம்

ஜூலை 9, செவ்வாய்

காலையிலிருந்து மழை. எங்கள் கொந்த்வா பகுதி முழுக்கச் சேறு. மாடிக் குழாயில் மட்டும் தண்ணீர் இல்லை.

எங்கள் வீடற்றோர் இல்லத்துக்குப் புதிதாக ஒருத்தி. பொன்னம்மா, தர்மபுரிப் பக்கம். அறுபது இருக்கும். ரோடு போடும் வேலைக்கு வந்தவள். வேலை நின்றபின் பாலத்தடியில் வாழ்க்கை. காலில் பெரிய புண். கழுவிக் கட்டினேன். நான் வார்டனாக வந்தபிறகு இங்கே ஒருத்தி தமிழில் அழக் கேட்டது இன்றுதான். அவள் பேச்சுக்கு முன்னால் இந்த ஊரிலேயே வளர்ந்த என் கட்கி குவார்ட்டர்ஸ் தமிழ் கூச்சப்படுகிறது.

கூட வந்தவர் கேட்டுக்கு வெளியே நின்றார். ஆறுமுகம். ஒல்லி. ஓயாத இருமல்.

"புருஷனாக்கா?"

"கட்டிக்கல. அவுருக்கு ஊர்ல பொண்டாட்டி இருக்குது. ஆனா இங்க வந்ததுல இருந்து நாந்தான்."

இங்கே பெண்களுக்கு மட்டுமே இடம். ஆண்கள் இல்லம் வாகட் தாண்டி, ஊரின் அந்தக் கோடியில். போகமாட்டேன் என்றார். எதிரே மூடிக்கிடக்கும் கடை வாசலில் படுத்துவிட்டார்.

ஜூலை 11, வியாழன்

சிலிண்டர் தீர்ந்தது. பருப்பு பாதி வேக்காடு.

சாயங்காலம் கேட் கம்பி வழியாக அவருக்குச் சப்பாத்தி. அவர் தின்று முடிக்கும்வரை பொன்னம்மா அங்கேயே நிற்கிறாள்.

"உப்பு கம்மி."

"நானா ஆக்குனேன்?"

அவ்வளவுதான் பேச்சு. பக்கத்து வீட்டார் புகார், 'யாரோ ஆள் வாசலில் படுக்கிறான்'.

இல்லத்தை நடத்தும் மேடத்துக்கு ஃபோன் செய்தேன். இரண்டு பேருக்கும் சேர்த்து ஓர் அறை எங்காவது கிடைக்குமா? ஜோடிக்கு இடம் நம்மிடம் இல்லை வசந்தா, நானும் தேடிப் பார்த்துவிட்டேன் என்றார் இந்தியில். குரலில் கோபமே இல்லை. அதனால் சண்டை போடவும் முடியவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

விடாத மழை. ஆறுமுகத்துக்குக் காய்ச்சல். பொன்னம்மாவே கேட்டுக்குப் போய்ச் சொன்னாள்.

"போயிடு. நனையாமயாச்சும் படு. கால் ஆறுனதும் வந்து பாக்குறேன்."

"அங்க எனக்கு யாரத் தெரியும்?"

"இங்க மட்டும் யாரத் தெரியும்? போய்யா."

ஆண்கள் இல்லத்து வண்டி வந்தது. திரும்பிப் பார்க்காமல் ஏறினார். தெருமுனை தாண்டியதும் என்னிடம் சொன்னாள்: "வெரட்டுனாத்தான் போவாரு."

இரவு சாப்பிடவில்லை.

ஜூலை 17, புதன்

கால் புண் பரவாயில்லை. மருந்துத் துணி வாங்க வேண்டும்.

ஆண்கள் இல்லத்துக்கு என் ஃபோனிலிருந்து பேசவைத்தேன். இருவருக்கும் ஃபோன் பழக்கமில்லை. சாப்டியா, ம். இருமல் எப்படி, இருக்குது. "வெச்சிடவா?" என்றார் அவர். "வெக்காத" என்றாள். மேலே பேசவும் இல்லை.

ஜூலை 20, சனி

காலையில் ஆண்கள் இல்லத்திலிருந்து தகவல். ஆறுமுகத்தைக் காணோம். நேற்றுச் சமையல்காரரிடம் கொந்த்வா எந்தப் பக்கம் என்று கேட்டாராம்.

மத்தியானம் இன்னொரு ஃபோன். நடந்தே வந்தவர் ஹைவே ஓரம் விழுந்திருக்கிறார். யாரோ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். பொன்னம்மாவை ரிக்‌ஷாவில் கூட்டிப்போனேன்.

வார்டு வாசலில் நர்ஸ் அவளைப் பார்த்து, "தும்ஹி கோண்?" நீங்கள் யார்?

நான் முந்திக்கொண்டேன். "பாய்கோ." மனைவி.

அந்த அளவு மராத்தி பொன்னம்மாவுக்குத் தெரியும். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போனாள்.

மூக்கில் குழாயோடு கண் திறந்தார். "கால் ஆறிடுச்சா?"

"ஆறுனதும் வரேன்னுதான சொன்னேன். ஒனக்கென்ன அவசரம்?"

அவர் சிரித்த மாதிரி இருந்தது. ஆண்கள் வார்டில் இரவு பெண்கள் தங்கக் கூடாது. திரும்பி வரும்போது ரிக்‌ஷாவில் கேட்டாள், "நீ நர்ஸுகிட்ட சொன்னது அவுருக்குக் கேட்டிருக்குமா?"

கேட்டிருக்கும் என்றேன். அவர் கட்டில் வாசலிலிருந்து தள்ளி, அந்தக் கோடி ஜன்னலோரம்.

ஜூலை 21, ஞாயிறு

விடிகாலையில் போய்விட்டார். நிமோனியா.

மின்மயானம். நாங்கள் இருவர், ஆண்கள் இல்லத்திலிருந்து இருவர். பொன்னம்மா அழவில்லை. "ஊர்ல அந்தம்மாவுக்கு யாராச்சும் சொல்லணுமே" என்று மட்டும் திரும்பத் திரும்ப. ஊர்ப்பேர் தெரிகிறது, வேறொன்றும் தெரியவில்லை.

ஜூலை 22, திங்கள்

வெயில். எல்லோரும் துணி துவைத்தார்கள்.

காந்தாபாய், இல்லத்தில் மூத்தவள், அவளும் விதவைதான், ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து வந்தாள். பொன்னம்மாவின் பொட்டைத் துடைக்க. நல்ல எண்ணம்தான். பொன்னம்மா அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"அவுருக்கு நான் யாரு, பொட்ட அழிக்க? அந்த மொற அவ ஒருத்திக்குத்தான், ஊர்ல இருக்கறவளுக்கு."

காந்தாபாய்க்குப் புரியவில்லை. நானும் மொழிபெயர்க்கவில்லை.

சாயங்காலம் பொன்னம்மா தானே எழுந்து பாத்ரூமுக்குப் போனாள். வெகுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம். முகம் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நெற்றியில் ஒன்றும் இல்லை.

காந்தாபாய் கொஞ்சம் நகர்ந்து, பாயில் அவளுக்கு இடம் விட்டாள்.