ஜன்னலோரம் வராத தொட்டி

இன்று காலை நூலகத்தின் மாடியில் வெள்ளையடிக்கிறார்கள். ஈரச் சுண்ணாம்பின் வாசனை படியிறங்கி என் மேசைவரை வந்தது. கையிலிருந்த வேலையை ஒதுக்கிவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ராஜபாளையத்தில் இதே நூலகத்தில், அரிய புத்தகங்களைச் செப்பனிடும் அறையை நாம் இரண்டு பேரும் நின்று புதுப்பித்தோம். கூரை ஒழுகி, சுவரில் கரையான் ஏறிக் கிடந்த அறை. நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்வதற்குள், நீ பஜாருக்குப் பின்னால் உன் அத்தா வீட்டிலிருந்து நடந்தே வந்து கொத்தனாரோடு பேசிக்கொண்டிருப்பாய்.

நமக்குள் இருந்த ஒரே தகராறு, தாள் கழுவும் தொட்டியை எங்கே கட்டுவது என்பதுதான். பழுப்பேறிய தாள்களைத் தண்ணீரில் நனைத்து எடுக்க வேண்டும். நீ ஜன்னலோரம் என்றாய். நான் கதவோரம் என்றேன். குழாய் அங்கேதான் இருந்தது. அதை ஜன்னலுக்கு இழுத்தால் அலமாரிகளுக்கு அடியில் போக வேண்டும். என்றாவது கசிந்தால் புத்தகங்கள் போய்விடும்.

"நனைஞ்ச தாள்ல மை கரையுதான்னு வெளிச்சத்துல பாக்கணும்ட்டி."

"லைட்டு போட்டுக்கிடலாம்."

"லைட்டும் வெயிலும் ஒண்ணா?"

கொத்தனார் செங்கலை அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். சனிக்கிழமை சாயங்காலம், "திங்கக்கிழமை முடிவு பண்ணுவோம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு நீ போனாய்.

மறுநாள் உனக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். நான் வந்தபோது உன்னை வெள்ளைத் துணியில் பொதிந்திருந்தார்கள். உன் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "நேத்து ராத்திரி பூரா அந்தத் தொட்டியப் பத்தியேதான் அக்கா பேசிக்கிட்டு இருந்துச்சு" என்றாள். தலையாட்டினேன். அழுகை வரவில்லை. யாரோ கொடுத்த டீயைக் குடித்தேன். சூடாக இருந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

திங்கட்கிழமை வேலைக்கு வந்தேன். கொத்தனார் கரண்டியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"தொட்டிய எங்கம்மா கட்டட்டும்?"

"கதவுகிட்டயே கட்டுங்க."

"அவிய ஜன்னல் பக்கம்லா கேட்டாவ."

"குழாய் இங்கதான இருக்கு."

உனக்காக மாற்றிச் சொல்லியிருக்கலாம் என்று பிறகு சிலர் சொன்னார்கள். நீ இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். பூச்சு வேலை முடிந்தது, அலமாரிகள் வந்தன, புத்தகங்கள் திரும்ப ஏறின. திறப்பு விழாவில் உன் பெயரைச் சொன்னார்கள். அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

குழாய் இதுவரை கசியவில்லை. ஆனால் டியூப்லைட்டில் மை கரைவது தெரிவதில்லை; நீ சொன்னதும் சரிதான். அதனால் ஒவ்வொரு தாளையும் ஈரம் சொட்டச் சொட்ட, அடியில் விரித்த துணியோடு இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஜன்னல்வரை போகிறேன். அறையின் நடுவில் வரும்போது பின்னாலிருந்து உன் குரல் கேட்கும்.

"பைய, ஏட்டி. பைய."

நான் பையத்தான் நடக்கிறேன்.