பேரின்பம் என் பெயரில் போட்ட பங்குகள்

பெப்ரவரி 21, 2026, சனி

காலைத் தேநீரோடு பேரின்பம் சொன்னார்: அக்டோபரில் எங்கள் திருமணம் பதிவான வாரமே தன் பங்குகளையெல்லாம் என் பெயருக்கு மாற்றிவிட்டாராம். அன்று புதுக் கணக்குக்கு என்று கையெழுத்துக் கேட்டார். இருவருக்கும் பொதுக் கணக்கு என்றுதான் நினைத்தேன்.

“உமக்குப் பென்சன் மட்டும்தானே, வசந்தா. வரி குறையும். கலியாணம் கட்டினாப் பிறகு ரெண்டு பேருக்கும் ஒரே கணக்குத்தானே?”

எனக்கு அப்படித் தெரியவில்லை. பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த காலம் முழுக்கத் தனியாகவே வரி கட்டியவள் நான். ஐம்பத்தேழு வயதில் முதல் கல்யாணம். ஆனாலும் அவர் முகத்தில் அத்தனை பெருமை. கணக்காளரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

பெப்ரவரி 28, சனி

அவர் மகள் றொஷினி மதியச் சாப்பாட்டுக்கு வந்தாள். பேச்சுவாக்கில் அவரே பங்கு விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவள் கரண்டியை வைத்துவிட்டாள்.

“அம்மாவும் நீங்களும் சேர்ந்து வாங்கினது, அப்பா. இப்ப அன்ரிட பேரிலயோ?”

என்னைப் பார்க்கவே இல்லை. கோட்டை மாட்டிக்கொண்டு எங்கள் அஹுன்ட்சிக் பகுதித் தெருப் பனியில் இறங்கிப் போய்விட்டாள். நான் கேட்டேனா? நானா கேட்டேன்! ஆனால் அந்தப் பெண்மேல் எப்படிக் கோபப்படுவது? அம்மா இறந்து நாலு வருஷம்தான் ஆகிறது.

மார்ச் 5, வியாழன்

இருவரும் போனோம். கணக்காளர் கத்தரின் பொறுமையாக விளக்கினார். இந்த நாட்டில் கணவன் மனைவி சேர்ந்து ஒரே வரிக் கணக்குக் கொடுக்கும் வழக்கமே கிடையாது. அவரவர் கணக்கு அவரவருக்கு. துணைவரின் வருமானத்தைக் குறிப்பிட்டால் போதும். பங்கை மனைவிக்குப் பரிசாகக் கொடுத்தாலும் அதில் வரும் ஈவுத்தொகைக்கான வரி, பங்கைக் கொடுத்தவர் தலையில்தான். நாளை நான் விற்று லாபம் வந்தால், அதன் வரியும் அவருக்கே.

“அப்ப நான் செய்ததில ஒரு பிரயோசனமும் இல்லையோ?”

“வரிக்கு இல்லை, மெசியே,” என்று பிரெஞ்சில் அவரை ஐயா போட்டுச் சிரித்தார் கத்தரின். நேர்வழி வேறு உண்டாம்: வீட்டுச் செலவு முழுக்க அவர் சம்பளத்தில் நடக்கட்டும், என் பென்ஷனில் மிஞ்சுவதை என் பெயரில் முதலீடு செய்யலாம். அதன் வருமானம் என்னுடையது, வரியும் என்னுடையது.

எனக்கு இது பிடித்திருக்கிறது.

மார்ச் 6

பங்குகளைத் திருப்பி மாற்றுகிறேன் என்றேன். அவர் வாசலில் பனி தள்ளப் போய்விட்டார்.

மார்ச் 14, சனி

மாற்றியாயிற்று. எல்லாம் மறுபடி அவர் பெயரில்.

“நான் ஆசையாத் தந்தது. வேண்டாம் எண்டுறீரோ?” என்றார் அவர்.

“உங்க ஆசை எனக்கு வேணும். அந்தப் பங்கு வேண்டாம். றொஷினியோட அம்மாவும் நீங்களும் சேர்த்தது அவளுக்கே போகட்டும். எனக்கு நான் சேர்த்துக்கிறேன், எனக்குத் தெரியாதா என்ன?”

எழுந்துபோய் இரண்டு பேருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தார். பிறகு, “நீர் சொல்லுறது சரி. நான் உம்மட்டக் கேட்டிருக்கோணும்,” என்றார். இந்த மனிதரை நான் கட்டிக்கொண்டது சரிதான்.

ஏப்ரல் 11

இரண்டு பேர் கணக்கும் அனுப்பியாயிற்று. அந்த ஈவுத்தொகையை அவர் கணக்கில்தான் காட்டினோம். துணைவர் பெயர் கேட்ட இடத்தில் முதல்முறையாக ஒரு பெயர் எழுதினேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

பிற்பகல் மணி அடித்தது. றொஷினி. அப்பா கடைக்குப் போயிருக்கிறார் என்றேன்.

“தெரியும். பங்கைத் திருப்பிக் குடுத்ததை அப்பா சொன்னவர். உங்களைப் பாக்கத்தான் வந்தனான்.”

அவளும் மத்தியூவும் ஒன்றாகக் குடியிருக்கத் தொடங்கி ஒரு வருஷம் தாண்டிவிட்டதாம். கல்யாணம் ஆகாவிட்டாலும் வரிக்கு அவர்கள் இப்போது தம்பதி. மத்தியூ தன் முதலீட்டையெல்லாம் அவள் பெயரில் போடுகிறேன் என்று நிற்கிறானாம்.

“வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன். ஏன் எண்டு அவனுக்கு விளங்கப்படுத்தத் தெரியேல்லை. அடுத்த ஞாயிறு கூட்டிக்கொண்டு வரட்டோ, அன்ரி?”

“வா,” என்றேன். “மதியம் சாப்பிட வந்திடுங்க.”

காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.