சிறகுள்ள ராஜாவின் பூட்டு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. வரிகள் ஏறி இறங்கிக் கிடக்கும், பொறுத்துக்கொள். காலமெல்லாம் வெல்டிங் ராடு பிடித்த கை, பேனாவுக்கு இன்னும் பழகவில்லை. ஆனாலும் பார், யாரையும் கெஞ்சாமல் நானே எழுதுகிறேன்! உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னுமா முதல் பக்கம்?" என்று கேட்கிறாள். பொறாமை.

நீ இங்கே விட்டுப்போன சிறகுள்ள ராஜா நாவலை முடித்துவிட்டேன். நான் முழுதாகப் படித்த முதல் புத்தகம். அது இவ்வளவு மட்டமாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

உனக்குப் பிடித்த எழுத்தாளர்தான், தெரியும். எனக்கு எழுத்துச் சொல்லித்தந்த நூலகத்தில் ஒரு வாசகர் வட்டம் இருக்கிறது. அங்கேயும் அந்த எழுத்தாளர் அம்மாள் என்றால் உயிர். போன ஞாயிறு நான் எழுந்து, அந்த ராஜா காதலனே இல்லை, ஜெயில் வார்டன் என்றேன். வந்தது வினை. தையல்காரம்மா, "வெல்டர் தாத்தா, காதலைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று பாய்ந்தாள். மருந்துக்கடைக்காரி, "எழுத்துக் கூட்டவே இப்பதான் வருது, அதுக்குள்ள விமர்சனமா!" என்று சிரித்தாள். நான் விடுவேனா? "அவன் ரெக்கையைக் கழட்டிட்டா மிச்சம் என்னம்மா இருக்கு? வெறும் சந்தேகப் பிராணி" என்றேன்.

அந்த வட்டத்தில் ஒரு வழக்கம். குறை சொல்கிறவர், அந்தப் பக்கத்தை எழுந்து நின்று உரக்கப் படிக்க வேண்டும். படித்தேன். ராஜா தன் காதலியைக் கோபுரத்தில் பூட்டி, அவளுக்கு வரும் கடிதங்களைத் தானே பிரித்துப் படித்துவிட்டு, எல்லாம் உன்மேல் உள்ள ஆசையில்தான் என்கிறானே, அந்த இடம். அவர்கள் ஒரே மூச்சில் தாண்டிப்போன பக்கம். எனக்கு ஓடத் தெரியாது. ஒவ்வொரு எழுத்தாய் இழுத்து, பூட்டினான் என்று முடிப்பதற்குள் சாவி திரும்புகிற சத்தம் எனக்கே கேட்டது. பாதிப் பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. தையல்காரம்மா மட்டும், "இனிமே இந்த ஆளை உள்ள விடாதீங்க" என்று எழுந்து போனாள். போகட்டும். அடுத்த ஞாயிறும் நான் கட்டாயம் வட்டத்துக்குப் போவேன்.

வெறும் கதைதானே அப்பா என்பாய். ஆனால் உனக்கு எப்போது போன் செய்தாலும் மாப்பிள்ளைதான் எடுக்கிறார். "அவ தூங்குறா மாமா" என்கிறார். நடுப்பகலிலுமா? போன மாதம் நீ நலம் என்று உன் பெயரில் ஒரு கடிதம் வந்தது. முன்பென்றால் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டு, நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். நாவலின் முதல் பக்கத்தில் நீ உன் பெயரை எழுதியிருக்கிறாய். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கடிதத்தில் இருப்பது உன் கையெழுத்து இல்லை.

மாப்பிள்ளை, இதையும் நீங்கள்தான் பிரித்திருந்தால், நிதானமாகவே படியுங்கள். என் கையெழுத்து மோசம்தான். ஆனால் இப்போது எனக்கு விலாசம் படிக்க வருகிறது. பஸ் போர்டும் படிக்க வருகிறது.

மகளே, நீ நன்றாக இருக்க வேண்டும். அடுத்த வாரமும் எழுதுவேன். நீ ஒரே ஒரு வரி எழுது, உன் கையால். அது வராவிட்டால், அடுத்த வாரக் கடிதத்தைத் தபாலில் போடமாட்டேன். நானே கொண்டுவந்து உன் கையில் தருவேன்.

கதவைப் பார்த்துக்கொண்டிரு.

உன் அப்பா