கயிற்றில் கட்டிய பென்சில்

அன்புள்ள ரொவீனா,

இங்கே பிரிக்ஸமில் மழை விட்டபாடில்லை. உன் அப்பா கடலுக்குப் போகாமல், கிழியாத வலையை உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கிறார்.

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நம் பிரிட்டன் வெளியேறுவதென்று வாக்கெடுப்பில் முடிவான அன்று, ரோட்டர்டாமிலிருந்து நீ போனில் கத்தியது அடுப்படி வரைக்கும் கேட்டது. "உங்களை நம்பித்தானேப்பா எனக்குப் பதிலா என் ஓட்டையும் போடச் சொன்னேன்? அதையும் வெளியேறத்தானே குத்தினீங்க?" அவர் போனை வைத்துவிட்டார். அப்புறம் நீ கூப்பிடவேயில்லை.

துறைமுகத்திலும் இப்போது அவரோடு யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. காரணத்தை அவர் உனக்குச் சொல்லமாட்டார்.

வாக்குச்சாவடியில் வைத்திருக்கும் பென்சிலால் போட்டால் அழித்து மாற்றிவிடுவார்கள் என்று, வெளியேறுவதற்கே ஓட்டுப் போட நினைத்த மீன்பிடிக்கிறவர்கள் எல்லோரும் பேனாவோடுதான் போனார்கள். அவரும்தான். அன்று சாயங்காலம் மதுக்கடையில் நானும் பக்கத்தில் இருக்கும்போதே அவருடைய கூட்டாளி டெரிக் கேட்டான்: "என்னப்பா, உன் மக ஓட்டையும் சேத்துப் பேனாவால அழுத்திக் குத்திட்டியா?"

"பேனாவால குத்துனது அவ ஓட்டு மட்டுந்தான். ஒன்றியத்துல இருக்கணும்னு சொன்னா, அப்படியே குத்திட்டேன்."

டெரிக்கின் சிரிப்பு நின்றுவிட்டது. "அப்ப உன் ஓட்டு?"

"என்னுது வெளியேறத்தான். அங்க கயித்துல கட்டியிருந்த பென்சிலால போட்டேன். அழிச்சா அழிச்சுட்டுப் போறாங்க. அவ ஓட்டு என்னை நம்பிக் குடுத்ததாச்சே."

டெரிக் பாதிக் கோப்பையோடு எழுந்து வேறு மேசைக்குப் போய்விட்டான்.

நான் இதை எழுதுவது அவருக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் தேவாலயத்துக்குப் போய்விடுவேன். போனை அவர்தான் எடுக்க வேண்டும்.

உன் அம்மா