பெயர் சொல்ல விரும்பாத பத்தொம்பது சகோதரிகள்

பிப்ரவரி 2, ஞாயிறு

ஆராதனை முடிஞ்சு வீட்டுக்கு ஓடலாம்னு பாத்தா, நர்ஸ் ஜெனிட்டா கையப் புடிச்சுக்கிட்டா. "ஆண்ட்டி, பெண்கள் ஐக்கியத்துக்கு நீங்கதான செயலாளர்? வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு வர்றவங்களுக்கு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் டெஸ்ட் எடுக்கணும். சின்ன பிரஷ்தான். அவங்களே பாத்ரூம்ல எடுத்து குழாய்ல போட்டுத் தந்தா போதும்." சர்ச் வாசல்ல நின்னு பேசுற பேச்சா இது. எனக்கு வேர்த்துட்டு. ஆனா செயலாளர்னு சொல்லிட்டாள்ல. சரின்னுட்டேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

ஜெனிட்டா பேசி முடிக்கிற வரைக்கும் எல்லாரும் பைபிளத் திறந்து வச்சு குனிஞ்சே இருந்தாளுவ, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி. ஒருத்தியும் எந்திரிக்கல. நான்தான் முதல்ல போனேன். எனக்கு என்ன இருக்கப் போவுது? மூணு பிள்ளை பெத்தவ, வாரம் தவறாம உபவாசம். மத்தவங்களுக்கு தைரியம் வரட்டும்னுதான்.

பிறகு பாத்தா, பேர் எழுதணும்னதும் மறுபடி எல்லாரும் பின்வாங்குதாளுவ. ஜெனிட்டா போன் பேச வெளிய போயிருந்தா. நான் சொன்னேன், "காணிக்கைக் கவர்ல 'பெயர் சொல்ல விரும்பாத சகோதரி'ன்னு எழுதுவோம்ல? அதையே எழுதுங்க." என் குழாய்லயும் அதையே எழுதுனேன், உடனே எல்லாரும் வரிசை கட்டிட்டாளுவ. நாத்தனார் மெட்டில்டாகூட கடைசி ஆளா போனா. பத்தொம்பது குழாய். ஜெபம் பண்ணி, டப்பாவுக்கு நானே டேப் ஒட்டிக் குடுத்தேன். ஸ்தோத்திரம்.

பிப்ரவரி 19, புதன்

ஜெனிட்டா வந்தா. உக்காரல.

"ஆண்ட்டி, பத்தொம்பதுலயும் ஒரே பேரா இருக்கு."

நான் சிரிச்சேன். அவ சிரிக்கல. லேப்ல குழாய் நம்பர வச்சுப் பாத்துட்டாங்களாம். பதினெட்டு பேருக்கு ஒண்ணும் இல்ல. ஒருத்திக்கு வைரஸ் இருக்கு. அது புற்றுநோய் இல்லியாம், கவனிக்காம விட்டா பல வருஷம் கழிச்சு ஆகலாமாம். இப்பவே புடிச்சா சின்ன வைத்தியம்தான். ஆனா யாருக்கு? பத்தொம்பது பேரும் மறுபடி குடுத்தாத்தான் தெரியும். ஒருத்தி வராம இருந்துட்டா, அவளே அந்த ஒருத்தியா இருந்துட்டா—

ஆண்டவரே, இந்த வாய வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய.

பிப்ரவரி 20, வியாழன்

லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்க ஏறி இறங்குனேன். எட்டு டீ குடிச்சாச்சு. பதினேழு பேரும் வாரேன்னுட்டாங்க.

கடைசில மெட்டில்டா வீடு. ரெண்டு மாசமா இடுப்பு வலிங்கா. அத மனசுல வச்சுக்கிட்டு, "உனக்குத்தான் இருக்கும்டி, உனக்காக உபவாசம் இருக்கேன்"னு சொல்லிட்டேன். அவ அடுப்ப அணைச்சா.

"கைக்கு? ஏன் மதினி? எனக்குத்தான்னு ஆண்டவர் உங்ககிட்ட வந்து சொன்னாரா?"

"அப்படி இல்லடி—"

"நக்கோ, வேண்டாம். நான் குடுக்க மாட்டேன். உங்க ஜெபமும் வேண்டாம்."

தெலுங்கும் ஹிந்தியும் கலந்த இந்த ஊர்லயே பொறந்து வளந்தவ, கோவம் வந்தா ஹிந்திதான் முதல்ல வரும்.

பிப்ரவரி 21, வெள்ளி

இன்னைக்கு ஜெபத்த வேற ஆளுகிட்ட விட்டுட்டேன்.

பிப்ரவரி 22, சனி

எங்க வீட்டுக்காரங்க சொன்னாங்க, "அவ என் தங்கச்சி, எனக்குத் தெரியும். தப்புன்னு மட்டும் சொல்லிட்டு வாய மூடிக்க. முடியுமா உன்னால?" முப்பது வருஷம் ரயில்வே ஒர்க்‌ஷாப் சத்தத்துல இருந்த மனுஷன், என் சத்தம்தான் பெருசுங்காங்க.

போனேன். "தப்பு என் மேலதான், மெட்டில்டா"ன்னேன். அம்புட்டுதான். அவ இன்னும் வரும்னு பாத்துக்கிட்டே இருந்தா. அஞ்சு நிமிஷம் பேசாம இருந்தேன். உசுரு போய் உசுரு வந்துச்சு.

"மதினி, உங்களுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

அவளே சிரிச்சுட்டா. "ஹவ், சரி, வாரேன் போங்க."

பிப்ரவரி 28, வெள்ளி

பத்தொம்பது குழாய், பத்தொம்பது பேரு. என்னைய பேனா பக்கமே விடல ஜெனிட்டா.

மார்ச் 11, செவ்வாய்

ஜெனிட்டா போன் பண்ணா. "ஆண்ட்டி, பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

நான்தான்.

பிள்ளை பெத்தா வராதுன்னு எனக்கு யாரு சொன்னா? உபவாசம் இருந்தா வராதுன்னு? ஒருத்தரும் சொல்லல. நானே எனக்குச் சொல்லி வச்சிருந்தேன்.

மெட்டில்டாகிட்ட என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு சொல்ல? இருந்தாலும் போய்ச் சொன்னேன். "இப்ப உங்களுக்காக நான் உபவாசம் இருக்கணுமா? எனக்கு சுகர் இருக்கே மதினி." ரெண்டு பேரும் சிரிச்சோம். அப்புறம் நான் அழுதுட்டேன். எந்தத் தேதின்னு கேட்டா. கூட வாரேன்னா.

மார்ச் 13, வியாழன்

டாக்டரம்மா உள்ள பாத்துட்டு, கெட்டுப்போன எடத்துல மட்டும் ஒரு கருவியால சூடு வச்சாங்க. ஒரு நிமிஷம் அடிவயித்துல ஒரு இழுப்பு. முடிஞ்சுட்டு. அடுத்த வருஷம் ஒரு தடவ வந்து காட்டணும். பயத்துல எனக்குத் தெலுங்கே மறந்து போச்சு, மெட்டில்டாதான் எல்லாத்துக்கும் பதில் சொன்னா. என் வயசுல ரெண்ட கூட்டிச் சொல்லிட்டா.

மார்ச் 16, ஞாயிறு

சாட்சி சொல்ற நேரத்துல எந்திரிச்சு, "அந்த ஒருத்தி நான்தான்"னு சொன்னேன். ஆண்கள் பக்கமும் கேட்டுக்கிட்டுதான் இருந்தாங்க. போதகர் தொண்டையச் செருமுனாரு. நான் நிறுத்தல, வர்ற வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கும் ஜெனிட்டா டெஸ்ட் எடுக்க வருவான்னும் சொன்னேன்.

வெளிய வந்தா, அடுத்த தெலுங்கு ஆராதனைக்கு வாசல்ல நின்னு எல்லாத்தையும் கேட்டிருந்த பொண்ணு ஒருத்தி, குழந்தைய இடுப்புல வச்சுக்கிட்டு பக்கத்துல வந்தா.

"வலிக்குமா ஆண்ட்டி?"

"டெஸ்ட்டா? இல்லம்மா."

"பயமா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

வேற ஒண்ணும் நான் சொல்லல. வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குன்னு கேட்டா.